பழைய எழுத்தும் புதிய எழுத்துருவும்

சோறுண்பார் அதனை அட்ட பானையை எண்ணுவதில்லை. அதுபோல, நூல் படிப்பார் பொருளை நோக்குவரேயன்றி அப்பொருளைத் தாங்கி நிற்கும் எழுத்தின் வடிவை நோக்குவதிலர். ஆயினும் பானை பொல்லாதாயின் சோறும் பழுதாம். திருமண அழைப்பிதழுக்கு ஒருவகை எழுத்தும், நீதிமன்ற அறிவிப்புக்கு ஒருவகை எழுத்தும், திருமறைக்கு மற்றொருவகை எழுத்தும் பொருந்தும் என்பதை நாம் ஒருவரிடம் பாடங் கேளாமலே அறிந்திருக்கின்றோம். இவ்வறிவு யாண்டிருந்து வந்தது? பல தலைமுறையாக மக்கள் கல்லிலும் ஓலையிலும் தாளிலும் சுவரிலும் எழுதி வைத்த வடிவங்கள் நம் கண்ணிற் பதிந்து கிடத்தலாலன்றோ?

இக்காலத்தில் எழுத்துருக்களைப் புதியனவாக வகுப்போர் பலர் அப்பழைய வடிவங்களையே மூலமாகக் கொள்கின்றனர். அவர் செய்வது யாது, அதனை எங்ஙனம் செய்கின்றனர், அவர்க்கு நேரும் இடர் யாது என்பவற்றை உண்மையில் நிகழ்ந்த சில எடுத்துக்காட்டுக்களால் விளக்குதலும், அவற்றினின்று தமிழெழுத்துக்குப் பெறத்தகுவது யாதென ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

எழுத்துரு யாது?

ஒரு மொழியின் எழுத்துக்களும் எண்களும் நிறுத்தக்குறிகளும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் போல ஒத்த சாயலுடன் அமைந்த தொகுதியே எழுத்துருவாம். முற்காலத்தில் எஃகுத் துண்டின் முனையில் எழுத்தை இடவலம் மாறச் செதுக்கி, அதனைச் செம்பில் அடித்துப் பள்ளம் உண்டாக்கி, அப்பள்ளத்தில் ஈயக்கலவையை உருக்கி வார்த்து அச்செழுத்துக்களைப் பெற்றனர். இக்காலத்திற் கணிப்பொறியில் புள்ளிகளை இட்டு, அவற்றை இணைக்கும் நேர்கோடுகளாலும் வளைகோடுகளாலும் எழுத்தின் எல்லையை வரைகின்றனர். கருவி மாறிற்றேயன்றிக் கடமை மாறவில்லை.

பெயர்ப்பலகை எழுதுவார்க்கும் எழுத்துரு வகுப்பார்க்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பலகை எழுதுவார் அப்பலகைக்கு வேண்டிய எழுத்துக்களை மட்டும் எழுதினாற் போதும். இடம் மிகுந்தால் ஓரெழுத்தை நீட்டுவர், குறைந்தால் நெருக்குவர். எழுத்துருவிலோ ஒவ்வோரெழுத்தும் வேறு எவ்வெழுத்தின் பக்கத்தில் நிற்கவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பலகையில் ஒரு முறையேனும் வாராத எழுத்தும் எழுத்துருவில் இருந்தே தீரல் வேண்டும். ஆதலின், பழைய எழுத்தினின்று புதிய எழுத்துரு வகுப்பார் முன் எழும் வினாக்களுட் பெரியது, அப்பழைய கை எழுதாத எழுத்தை நாம் எங்ஙனம் எழுதுவது என்பதே. இருப்பதைப் படியெடுத்தல் பொறுமையுடையார் யார்க்கும் கைகூடும். இல்லாததை எழுதுங்கால்தான் ஒருவர் மூலத்தை உணர்ந்தாரா, மேலோட்டமாகக் கண்டாரா என்பது புலனாகும்.

கல்லெழுத்து

உரோமை நகரில் டிராஜன் என்னும் பேரரசனது வெற்றித்தூண் ஒன்று நிற்கின்றது. கி. பி. 113-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அத்தூணின் அடிப்பீடத்தில், வாயிலின் மேல், ஆறு வரிகளையுடைய கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. மேனாட்டு எழுத்துக்கலையை ஆராய்வார் பலர் பெரிய எழுத்துக்களுக்கு இதனையே தலைசிறந்த முன்மாதிரியாகப் போற்றுவர். மேல்வரிகளின் எழுத்துக்கள் கீழ்வரிகளின் எழுத்துக்களினும் சற்றே பெரியன. கீழே நின்று அண்ணாந்து நோக்குவார்க்கு எல்லா வரிகளும் ஒத்துத் தோன்றும்பொருட்டு அங்ஙனம் அமைத்தனர் என்பர். இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் இத்தூணின் வார்ப்புப்படி வைக்கப்பட்டிருத்தலின், உரோமைக்குச் செல்ல இயலாத மாணவரும் இதனைக் கண்டு பயின்றனர். எட்வர்டு ஜான்ஸ்டன் என்பார் 1906-ஆம் ஆண்டில் வெளியிட்ட எழுத்துக்கலை நூலும் இக்கல்வெட்டை மாணவர்க்கு முன்மாதிரியாகக் காட்டிற்று.

இவ்வெழுத்துக்களின் கோடுகள் முடியுமிடத்திற் சிறு குறுக்குமுனை ஒன்று காணப்படும். இதனைச் செரீப் என்பர். இஃது உளியின் தொழிலால் உண்டாயிற்றென்றே பலரும் நெடுங்காலம் கருதி வந்தனர். அமெரிக்க நாட்டின் ஐயோவா மாநிலத்திற் கல்லூரி ஆசிரியராயிருந்த எட்வர்டு காட்டிச் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் இக்கருத்தை மறுத்தார். அவர் இளமையிற் சிக்காகோ நகரிற் பெயர்ப்பலகை எழுதும் தொழில் செய்தவர். தூரிகையின் நடையை ஏட்டால் அறியாது கையால் அறிந்தவர். அவர் அக்கல்வெட்டின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுத்தார். கோடு எவ்விடத்தில் தடிக்கின்றது, எவ்விடத்தில் மெலிகின்றது என நுணுகி அளந்தார். தட்டையான தூரிகையால் முதலிற் கல்லின்மேல் எழுதினர் என்றும், அவ்வெழுத்தின் வழியே பின்னர் உளி சென்றது என்றும், குறுக்குமுனை தூரிகையின் திருப்பத்தாற் பிறந்தது என்றும் 1968-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதித்தார். அறிஞர் பலர் அவர் கருத்தை ஏற்றுக் கொண்டனர்.

இவ்வாராய்ச்சி எழுத்துரு வகுப்பார்க்கு எவ்வாறு பயன்படும் எனின், கூறுவாம். ஓரெழுத்தின் புறவடிவைக் காண்டல் மட்டும் போதாது. அவ்வடிவை ஈன்ற கருவியையும், அக்கருவியைப் பிடித்த கையின் அசைவையும் காணல் வேண்டும். புறவடிவு உள்ள எழுத்தை மட்டும் காட்டும். கருவியின் நடையோ இல்லாத எழுத்துக்கும் வழிகாட்டும்.

அக்கல்வெட்டில் இல்லாத எழுத்துக்கள் யாவை? இக்கால ஆங்கில நெடுங்கணக்கில் 26 எழுத்துக்கள் உள. அவற்றுள் 19 மட்டுமே ஆண்டுக் காணப்படுகின்றன. எச், ஜே, கே, யூ, டபிள்யூ, ஒய், இசட் என்னும் ஏழும் இல. இவற்றுள் ஜே, யூ, டபிள்யூ என்பன அக்காலத்தில் தனியெழுத்துக்களாகப் பிறக்கவேயில்லை; ஏனைய நான்கும் அவ்வாறு வரிகளுக்கு வேண்டப்படவில்லை. நாம் வழங்கும் எண் வடிவங்களும் இல. ஆங்கிலச் சிற்றெழுத்துக்களும் இல.

1989-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்தைச் சேர்ந்த கரோல் டுவாம்பிளி என்னும் அம்மையார் இக்கல்வெட்டை மூலமாகக் கொண்டு டிராஜன் என்னும் பெயராலேயே ஓர் எழுத்துருவை வகுத்தார். அத்தகைய பணியில் இல்லாத எழுத்தை ஊகித்தறியும் முறை நம் இலக்கண ஆசிரியர் எடுத்தோதாத சொல்லை ஒப்புமையால் முடிக்கும் முறையை ஒக்கும். ஆர் என்னும் எழுத்தின் நீண்டு செல்லும் காலைக் கண்டு கே என்னும் எழுத்தின் காலை ஊகிக்கலாம். ஈ, எஃப் என்பவற்றின் நடுக்கோட்டைக் கண்டு எச் என்பதன் நடுக்கோடு நிற்குமிடத்தை அறியலாம். வி என்பதன் சாய்வினின்று டபிள்யூ என்பதன் சாய்வைப் பெறலாம். எண்களுக்கோ நேரான ஒப்புமை இன்மையின், அத்தட்டைத் தூரிகை எண்ணெழுதப் புகுந்தால் எங்ஙனம் திரும்பும் என எண்ணிப் பார்த்தே வரைதல் வேண்டும்.

அவ்வம்மையார் இல்லாத பெரிய எழுத்துக்களையும் எண்களையும் சேர்த்தனரேனும் சிற்றெழுத்துக்களைச் சேர்த்திலர். உரோமையர் கல்லெழுத்தின் பெருமிதத்துக்கு அவை ஒவ்வா எனக் கொண்டு விடுத்தனர் போலும். சேர்க்க வேண்டுவதையும் விடவேண்டுவதையும் பகுத்தறிதல் இக்கலையின் உயிர்நிலையாம். அவ்வெழுத்துரு பின்னர்த் திரைப்பட விளம்பரங்களிலும் நூலட்டைகளிலும் பெருவழக்காயிற்று. பதினெட்டு நூற்றாண்டுகட்கு மேலாக ஒரு பீடத்தில் நின்ற எழுத்து உலகெங்கும் நடமாடத் தொடங்கிற்று.

அச்செழுத்து

கல்லெழுத்தினின்று அச்செழுத்துக்கு வருவாம். 1470-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் நிக்கோலாஸ் ஜென்ஸன் என்னும் பிரெஞ்சு நாட்டார், திருச்சபையின் பழைய வரலாற்றாசிரியராகிய யூசேபியஸ் இயற்றிய சமய நூலொன்றைப் புதிதாக வெட்டிய எழுத்தால் அச்சிட்டார். அவ்வெழுத்தின் அழகு நானூறு ஆண்டுகட்குப் பின்னும் மங்கவில்லை. 1888-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் இலண்டனில் எமரி வாக்கர் என்பார் பழைய அச்செழுத்துக்களைப் படவிளக்கால் திரையிற் பெரிதாக்கிக் காட்டிச் சொற்பொழிவாற்றினர். அதனைக் கேட்ட வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் தாமே எழுத்து வகுக்கத் துணிந்தார். ஜென்ஸன் எழுத்தின் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பெற்று, அவற்றைப் பலகாலும் வரைந்து பயின்று, அதன் பின்னரே தம் எழுத்தை வரைந்தார். அதனை எட்வர்டு பிரின்ஸ் என்னும் தொழிலாளர் எஃகில் வெட்டினார். 1891-ஆம் ஆண்டில் மாரிஸ் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகம் அவ்வெழுத்தால் நூல்களை வெளியிடலாயிற்று.

சில ஆண்டுகள் கழித்து அதே வாக்கரும் காப்டன் சாண்டர்ஸன் என்பாரும் கூடி டவ்ஸ் அச்சகத்தை நிறுவினர். அவரும் ஜென்ஸனையே மூலமாகக் கொண்டனர். எஃகில் வெட்டியவரும் அதே பிரின்ஸ் என்பாரே. அவ்வெழுத்தால் 1903 முதல் 1905 வரையுள்ள ஆண்டுகளில் ஐந்து தொகுதிகளாக அச்சிடப்பட்ட ஆங்கிலத் திருமறை, அச்சுக்கலையின் அரும்பெறற் செல்வங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. மூலம் ஒன்று, வெட்டிய கையும் ஒன்று, ஆயினும் பிறந்த பிள்ளைகள் இரண்டும் வேறு வேறு. மாரிஸின் எழுத்துக் கனத்துக் கறுத்துத் தோன்றும். டவ்ஸ் எழுத்து மெலிந்து வெளிச்சமுற்றுத் தோன்றும். இவ்வேறுபாடு எங்ஙனம் எழுந்தது? ஈரமாக்கிய தாளின்மேல் மை தடவிய ஈயத்தை அழுத்துங்கால் மை தன் எல்லையைக் கடந்து பரவும். ஆதலின் பழைய நூலில் நாம் காண்பது ஈயத்தின் வடிவு மட்டுமன்று. ஈயமும் மையும் தாளும் கூடி நிறைவேற்றிய வடிவு. அக்கருமையையும் எழுத்தின் இயல்பாகவே கொள்வார் ஒரு வழியிற் செல்வர். மையின் பரப்பை நீக்கி உள்ளிருக்கும் கோட்டைத் தேடுவார் மற்றொரு வழியிற் செல்வர். இரண்டும் தக்கனவே. எவ்வழியிற் செல்கின்றோம் என்பதை அறியாமற் செல்லுதலே தகாதது.

டவ்ஸ் எழுத்தின் முடிவு வருந்தத்தக்கது. கூட்டாளிகளிடையே பிணக்கு விளைந்தது. அவ்வெழுத்துப் பிறர் கையிற் சேரலாகாதெனக் கருதிய காப்டன் சாண்டர்ஸன், 1916-ஆம் ஆண்டிலும் 1917-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இருள் சூழ்ந்த வேளைகளிற் பன்முறை சென்று, ஹாமர்ஸ்மித் பாலத்தினின்று ஈய எழுத்துக்களைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்தார். ஏறக்குறைய நூறாண்டுகள் கழிந்தன. இராபர்ட் கிரீன் என்னும் எழுத்துரு வகுப்பாளர் 2010-ஆம் ஆண்டு முதல் அச்சகத்தின் நூல்களை மட்டும் துணையாகக் கொண்டு அவ்வெழுத்தை மீட்டு வரைந்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனோடமையாது 2014-ஆம் ஆண்டில் முக்குளிப்போரைக் கொண்டு ஆற்றின் அடியைத் துழாவுவித்து 150 ஈய எழுத்துக்களைப் பெற்று, அவற்றோடு ஒப்பிட்டுத் தம் வரைவைத் திருத்தினார். மையின் பரப்பு இவ்வளவு, ஈயத்தின் எல்லை இவ்வளவு என ஆறே சான்று கூறிற்று. பழையதை மீட்பார்க்கு வேண்டப்படும் உண்மையுணர்வுக்கு இதனினும் சிறந்த சான்று யாது?

சுவரெழுத்து

மூலமாகத் தக்கன பேரரசர் கல்வெட்டும் மேதையர் நூலுமே என எண்ணற்க. நியூயார்க்கு நகரில் எட்டாம் நெடுஞ்சாலையில் பேருந்து நிலையம் ஒன்றுண்டு. அதன் முகப்பில் அந்நிலையத்தின் பெயர் குறுக்குமுனையற்ற எளிய பெரிய எழுத்துக்களாற் பொறிக்கப்பட்டிருந்தது. அதனை நாள்தோறும் பல்லாயிரவர் கண்டனர். எழுத்தென ஒருவரும் கண்டிலர். டொபையாஸ் பிரியர் ஜோன்ஸ் என்பார் அதனை எழுத்தெனக் கண்டார். மன்ஹாட்டன் பகுதியில் தெருத்தெருவாகச் சென்று, கட்டடங்களின் முகப்பிலும் கதவிலும் உள்ள அத்தகைய எழுத்துக்களைப் புகைப்படம் எடுத்துத் தொகுத்தார். அவை கலைஞர் எனப் பெயர் பெறாத பொறியாளரும் பலகைத் தொழிலாளரும் அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைந்தவை. அவற்றினின்று 2000-ஆம் ஆண்டில் ஒரு திங்களிதழுக்காக அவர் வகுத்த எழுத்துருவுக்குக் காதம் என்பது பெயர்.

ஈண்டும் இல்லாத எழுத்தின் இடரே முன்வந்து நின்றது. அப்பலகைகளில் இருந்தவை பெரும்பாலும் பெரிய எழுத்துக்களே. திங்களிதழின் பத்திகளோ சிற்றெழுத்தின்றி நடவா. டுவாம்பிளி அம்மையார் விடுத்ததைப் பிரியர் ஜோன்ஸ் செய்தே தீரவேண்டியவராயினார். அளவுகோல் பிடித்த அக்கை சிற்றெழுத்தை எழுதியிருந்தால் எங்ஙனம் எழுதியிருக்கும் என எண்ணி அவற்றைப் படைத்தார். இவ்வெழுத்துரு 2004-ஆம் ஆண்டில் உலக வாணிக மையத்தின் புதிய கட்டடத்துக்கு இட்ட அடிக்கல்லிலும், 2008-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒபாமாவின் பலகைகளிலும் காணப்பட்டது. தெருவினின்று வந்தது மீண்டும் தெருவுக்கே சென்றது.

செய்யும் முறை

இவ்வெடுத்துக்காட்டுக்களால் இத்தொழிலின் முறை ஒருவாறு புலனாகும். முதலாவது, மூலத்தைத் தொகுத்தல். ஓரெழுத்தின் ஒரு படி போதாது, அதே எழுத்துப் பல இடங்களில் எங்ஙனம் வேறுபடுகின்றது எனக் காணல் வேண்டும். அளவைக் குறிக்கும் கோலொன்றை எழுத்தின் அருகில் வைத்து நேர்நின்று படமெடுத்தல் நன்று. இரண்டாவது, கருவியையும் கையையும் அறிதல். மூன்றாவது, தற்செயலானதையும் இயல்பானதையும் பிரித்தல்; கல்லின் சிதைவும் மையின் கசிவும் சுவரின் வெடிப்பும் எழுத்தின் பண்புகளல்ல. நான்காவது, நேர்க்கோட்டெழுத்தொன்றும் வட்டெழுத்தொன்றும் முதலில் வரைந்து அவற்றின் கனத்தையும் அகலத்தையும் நிறுவி, ஏனையவற்றை அவற்றோடு ஒப்ப அமைத்தல். ஐந்தாவது, எழுத்துக்களின் இடைவெளியை அமைத்தல். இதனை எளிதென எண்ணற்க. எழுத்து அழகியதாயினும் இடைவெளி ஒவ்வாதாயின் வரி பல்லுதிர்ந்த வாய்போலத் தோன்றும். இறுதியாக, சிறிய அளவில் நீண்ட பத்திகளை அச்சிட்டுப் படித்துப் பார்த்துத் திருத்தல். படிக்குங்கால் கண் எவ்வெழுத்தில் தடுக்கி நிற்கின்றதோ அவ்வெழுத்து இன்னும் குடும்பத்திற் சேரவில்லை என்பது கருத்து.

தமிழெழுத்து

இனி நம் எழுத்துக்கு வருவாம். தமிழச்சின் தொடக்கமே பழைய எழுத்தினின்று புதியது வகுத்த நிகழ்ச்சிதான். 1577-ஆம் ஆண்டிற் கோவாவிலும் 1578-ஆம் ஆண்டிற் கொல்லத்திலும் மேனாட்டார் நம்மவர் கையெழுத்தைக் கண்டு அச்செழுத்து வெட்டினர். 1578-ஆம் ஆண்டில் 16 பக்கங்கள் கொண்ட தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சேறிற்று. 1713-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்து தாளை மிகுதியாக உண்டமையின், சிற்றெழுத்துக்கள் பின்னர் இவ்விடத்திலேயே வார்க்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிற் சென்னையில் அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய ஹண்ட் என்பார் தமிழெழுத்தைச் சிறுக்கவும் செம்மையாக்கவும் பெரிதும் உழைத்தார். 1862-ஆம் ஆண்டில் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் பணியேயாம்.

இற்றைக்கு ஒரு தமிழ் மாணவன் பழைய எழுத்தினின்று புதிய எழுத்துரு வகுக்கப் புகுவானாயின் அவன் எதிர்ப்படும் இடர் யாது? மூலம் ஓலையென வைத்துக்கொள்வாம். எழுத்தாணி ஓலையைக் கீறிச் செல்லுதலின் கோடு எங்கும் ஏறக்குறைய ஒரே கனமுடையது. தட்டைத் தூரிகையும் மேனாட்டுப் பேனாவும் தரும் தடிப்பும் மெலிவும் அதன்கண் இல. எழுத்துக்கள் வளைந்து உருண்டு ஒன்றையொன்று தொடர்வன. இவை கருவியின் நடை. இனி இல்லாதன யாவை? மெய்யெழுத்தும் குற்றெழுத்தாகிய எகர ஒகரமும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளியிட்டிலர். புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பது காரணமாகக் கூறப்படும். ஆதலின் ஏட்டில் எகரமும் ஏகாரமும் வடிவால் ஒன்றே. ரகரமும் காலும் ஒன்றே. ஏகார ஓகாரங்களுக்கு வேறு வடிவு தந்து இவ்விடரை நீக்கியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பர். நிறுத்தக்குறிகளும் ஏட்டில் இல. நாம் இப்போது வழங்கும் எண்களும் இல. டிராஜன் கல்வெட்டில் இல்லாத எழுத்துக்கள் ஏழு. நம் ஏட்டிலோ புள்ளி ஒன்று இல்லாமையால் பதினெட்டு மெய்களும் தம் தனிவடிவை இழந்து நிற்கின்றன!

புள்ளி சிறியதுதானே, ஒரு வட்டத்தை மேலே வைத்தாற் போதாதோ எனின், போதாது. எழுத்தாணியாற் கீறிய வளைவுகளின்மேல் கணிப்பொறியின் முழுவட்டம் ஒட்டாது நிற்கும். அவ்வெழுத்தாணி துளையாமற் புள்ளியிட விரும்பினால் எங்ஙனம் இட்டிருக்கும்? சிறு வளையமாகச் சுழித்ததோ, குறுங்கீற்றாக விட்டதோ? எழுத்தின் தலைக்கும் அதற்கும் இடைவெளி எவ்வளவு? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் ஓலையெழுத்தின் சாயலைப் பெறல் அரிது.

மூலம் தஞ்சைப் பெரிய கோயிலைச் சூழ்ந்த முதலாம் இராசராசன் கல்வெட்டாயின் இடர் வேறு. ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட அவ்வெழுத்துக்களை அங்ஙனமே படியெடுத்தால் இன்று படிப்பாரிலர். கோட்டின் உறுதியையும் எழுத்தின் அகலத்தையும் வரியின் நெருக்கத்தையும் கொண்டு, வடிவை இக்காலத்துக்கேற்ப மாற்றுதல் வேண்டும். மூலம் ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முந்திய அச்சுநூலாயின் மற்றோரிடர். 1935-ஆம் ஆண்டு முதற் பெரியார் தம் குடி அரசு இதழில் வழங்கிய சீர்திருத்த வடிவுகளுட் சிலவற்றை 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்டது. அதனால் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 உயிர்மெய்களின் பழைய வடிவுகள் வழக்கு வீழ்ந்தன. யானைத் துதிக்கைபோல் முன்வளைந்த ஐகாரக்குறி அந்நூல்களின் அழகுக்குப் பெரிதும் காரணமாயிருந்தது. அதனை வைத்தால் இளைஞர் தடுமாறுவர். விலக்கினால் மூலத்தின் முகம் மாறும். வேண்டுவார்க்கு இரண்டும் கிடைக்குமாறு அமைத்தல் கணிப்பொறியில் இயலும். ஆயினும் எதனை முன்வைப்பது என்னும் முடிவை வகுப்பாரே செய்தல் வேண்டும்.

தமிழெழுத்து 247 எனினும் உயிரும் மெய்யும் குறிகளும் தனித்தனி வரைந்து சேர்த்தலால் உழைப்புக் குறைகின்றது. ஆனால் உகர ஊகாரக் குறிகள் எல்லா மெய்களோடும் ஒருவகையாக ஒட்டுவதில்லை; கு, டு, மு, ரு என்பவற்றை நோக்குக. இவ்விரு வரிசைக்கும் 36 வடிவங்கள் தனியே வரையப்படல் வேண்டும். மூலப்பலகை ஒன்றில் இவற்றுள் மூன்றோ நான்கோதான் கிடைக்கும். ஏனைய முப்பதுக்கு மேற்பட்டனவும் வகுப்பாரின் உணர்வினின்றே வரல் வேண்டும். இவ்வுழைப்புக்கு அஞ்சுவார் ஆங்கில எழுத்துரு ஒன்றின் தடிப்பையும் மெலிவையும் எடுத்துத் தமிழுக்கு உடுத்திவிடுவர். அளவெடுக்காமல் தைத்த சட்டை போல அது தோளில் இறுகும், இடையில் தொங்கும். அத்தகைய எழுத்தை நாள்தோறும் படிக்கும் சிறுவர்க்கு அதுவே தமிழெழுத்தின் இயல்பெனத் தோன்றிவிடுமன்றோ? ஈண்டே இப்பொருளின் கேடும் ஆக்கமும் அடங்கியுள்ளன.

எழுத்து யாருடையது?

நம் ஊர்களிற் கடைப்பலகையும் பேருந்துப் பெயரும் சுவர் விளம்பரமும் தூரிகையால் எழுதிய ஓவியர் பலர் இருந்தனர். நெகிழித்துணியிற் பொறியால் அச்சிடும் பிளக்ஸ் பலகைகள் வந்தபின் அவருட் பலர் தொழிலிழந்தனர். வெள்ளையடிக்குந்தோறும் ஒரு சுவரெழுத்து மறைகின்றது. அவர் எழுத்தினின்று எழுத்துரு வகுத்தல் நன்றே. ஆனால் எழுதியவர் பெயரை மறைத்து எழுத்தை மட்டும் கொள்ளுதல் அறமாகாது. 2024-ஆம் ஆண்டில் மறைந்த ஹனீப் குரேஷி என்னும் கலைஞர் வடநாட்டுப் பலகையோவியரின் எழுத்துக்களைக் கணிப்பொறிக்குக் கொண்டு வந்தார். ஒவ்வோரெழுத்துருவுக்கும் அதனை எழுதிய ஓவியர் பெயரையே இட்டு, விற்பனையில் ஒரு பங்கு அவரைச் சேரும்படி செய்தார். பின்பற்றத்தக்க நெறி இதுவாம்.

நம்மனோர் கல்லூரி நூல்நிலையங்களிற் பழைய மிஷன் அச்சகங்களின் நூல்கள் தூசி படிந்து கிடக்கின்றன. நம் தெருக்களில் இன்னும் சில சுவர்கள் எஞ்சியுள்ளன. எழுத்துரு வகுக்கும் திறன் எல்லார்க்கும் வாயாது. ஆனால் ஒரு முகப்பேட்டை அளவுகோலுடன் படமெடுத்து, அச்சகத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து வைத்தல் எந்த மாணவர்க்கும் கைகூடும். ஒரு சுவரெழுத்தைப் படமெடுக்குங்கால் அதனை எழுதியவர் யாரெனக் கேட்டு, அவர் பெயரையும் தூரிகையின் அகலத்தையும் உடன் எழுதி வைத்தலும் கைகூடும். பின்வருவார் ஒருவர் அப்பழைய கை எழுதாத எழுத்தை எழுதப் புகுங்கால், அவர்க்கு வேண்டுவது அக்கையைப் பற்றிய இச்சிறு குறிப்புக்களே. தேம்ஸ் ஆற்றில் எறியப்பட்டவற்றையேனும் முக்குளித்து எடுக்க முடிந்தது. வெள்ளையடித்த சுவரினின்று ஒன்றும் எடுக்க முடியாது. ஆதலின் இவ்விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குவோமாக.